அம்புலி வரவில்லை

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். ஆகவே பக்கத்துக் குரும்பலூர்க் குழந்தைக்குப் பயணம் என்றால் பஸ்தான். பஸ் என்றால் முதலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுதான். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனைக்கோ பேங்குக்கோ சிறுவாச்சூர் கோயிலுக்கோ, இடுப்பில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாகக் கிளம்புகிற தாய்க்குச் செலவு குறைந்திருக்கிறது. காத்திருப்பு குறையவில்லை. நிழற்குடையில் பத்து நிமிடம் ஆனதும் சின்னது சிணுங்கும். இன்னும் ஐந்து நிமிடத்தில் கையைக் காலை உதறும். பையிலிருந்து போன் வரும், போனிலிருந்து பாட்டு வரும், குழந்தை அடங்கிவிடும். பஸ் வந்து, ஏறி, மக்காச்சோளக் கொல்லையும் பருத்தியும் வரப்போரத்து வெங்காயப் பட்டறையும் சன்னலுக்கு வெளியே ஓடி முடிந்து, பச்சைமலை பின்னால் தேய்ந்து, பெரம்பலூரில் இறங்கும்வரை அந்தக் குனிந்த தலை நிமிராது. இறங்கும்போது போனைப் பிடுங்கினால் அழுகை. இவ்வளவுதான் காட்சி. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

இதைப் பற்றி மருத்துவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். கண், தூக்கம், பேச்சு வளர்ச்சி என்று காரணங்களும் தெரிந்தவை. ஆனால் நாளைக்கே கண்ணுக்குக் கெடுதி செய்யாத ஒரு திரை, தூக்கத்தைக் கலைக்காத ஒரு திரை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது அதைக் காத்திருக்கும் குழந்தையின் கையில் கொடுக்கலாமா? மருத்துவத்துக்கு அதற்குமேல் பேச்சில்லை. எஞ்சுகிற கேள்வி வேறு வகையானது: காத்திருக்கும் நேரம் என்பது என்ன? அது வெறும் ஓட்டையா, எதையாவது வைத்து அடைத்துவிட வேண்டியதா? அல்லது அதற்குள் ஏதாவது இருக்கிறதா? தமிழில் 'காத்திரு' என்ற சொல்லைப் பிரித்தால் முன்பாதி 'கா'. வயலைக் காப்பது, வீட்டைக் காப்பது என்கிறோமே, அதே வினை. எதையோ விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டு இரு என்பதுதான் காத்திரு. 'பொழுதுபோக்கு' அதற்கு நேர் எதிரான சொல். பொழுதைப் போகச் செய்வது, விரட்டிவிடுவது. ஒன்றில் நேரம் காவல் காக்கப்படுகிறது, மற்றதில் வெளியேற்றப்படுகிறது. இரண்டும் ஒரே பெஞ்சில், ஒரே அரை மணி நேரத்தில் நடக்கலாம்.

உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு; அது நியாயமானது. குழந்தைக்குப் பராக்குக் காட்டுவது நேற்று வந்த பழக்கமா? காக்காயைக் காட்டிச் சோறூட்டாத தாய் உண்டா? பூச்சாண்டியைக் கூப்பிடாத பாட்டி உண்டா? போன் செய்வதைத்தானே கிளிப்பேச்சும் கிலுகிலுப்பையும் செய்தன? பூச்சாண்டியை நான் ஆதரிக்கப் போவதில்லை. பயங்காட்டி அடக்குவதற்குப் பாட்டுப் போட்டு அடக்குவது எவ்வளவோ மேல். ஆனால் பராக்குக் காட்டும் பழைய முறைகளில் ஒன்றை மட்டும் நம் இலக்கியம் எடுத்து வைத்துப் பெரிதாகப் பாடியிருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தனி நூலாகக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களில் மூத்தது ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடியது. பன்னிரண்டாம் நூற்றாண்டு, சோழர் தலைநகரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரமாக இருந்த காலம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஏழாவது அம்புலி. நிலாவைப் பார்த்து, எங்கள் பிள்ளையோடு விளையாட வா என்று அழைக்கும் பருவம். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் திரையே வேண்டாம் என்று சொல்லும் வயதும் அதுதான் என்பது தற்செயல், ஆனால் பொருத்தமான தற்செயல்.

அம்புலிப் பருவத்தில் கவிஞர் நிலாவை நான்கு விதமாக அழைப்பார். நீயும் இவனும் ஒன்று, ஆகவே வா. நீ இவனுக்கு நிகரில்லை, இருந்தும் அழைக்கிறான், வா. வந்தால் உனக்கு இன்னது கிடைக்கும், வா. வராவிட்டால் இன்னது நேரும், வா. அரசியலுக்குச் சொன்ன சாம, பேத, தான, தண்டம் நான்கும் ஒரு குழந்தையின் விளையாட்டுத் தோழனுக்காகச் செலவாகின்றன. எழுதுவது அத்தனை கடினம் என்பதால் பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி என்று புலவர்கள் சொல்லிக்கொள்வார்கள். இவ்வளவும் செய்து முடித்த பிறகு என்ன ஆகிறது? நிலா வருவதில்லை. எந்தப் பிள்ளைத்தமிழிலும் அது வந்ததில்லை. பாட்டுடைத் தலைவன் சோழ மன்னன் ஆனாலும் சரி, முருகனே ஆனாலும் சரி, நிலா தன் இடத்திலேயே நிற்கிறது. அரண்மனையில் நடந்தது குடிசை முற்றத்திலும் நடந்தது. தாயின் இடுப்பில் இருந்தபடி கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்ட குழந்தை, கூப்பிட்டும் வராத ஒன்று, அழகாக இருந்தும் கைக்கு எட்டாத ஒன்று, தன்னை மதித்ததாகவே காட்டிக்கொள்ளாத ஒன்று உலகத்தில் இருப்பதை அங்கே கண்டது. அழுகை நின்றதா என்றால் நின்றது. பராக்கு வேலை செய்தது. ஆனால் அது குழந்தையின் கவனத்தை வெளியே இழுத்து, தனக்கு அப்பாற்பட்ட ஒன்றின்மேல் நிறுத்தி, பதில் வராமலேயே விட்டுவிட்டது.

என் வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கூப்பிட்டும் வராத ஒன்றின் முன்னால் சற்று நேரம் இருக்கத் தெரிவது எல்லாச் சமய உணர்வுக்கும் அடிமண். கடவுளை ஏற்காதவர்கள் இதையே பிற மனிதரை மதிப்பதற்கு, இயற்கையை மதிப்பதற்கு அடிமண் என்று வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. உலகம் என் கட்டளைக்கு வெளியே இருக்கிறது என்பது புத்தகத்தில் படித்து வரும் அறிவில்லை. காத்திருந்து வரும் அறிவு. காணொளி அந்த வாய்ப்பைத்தான் எடுத்துக்கொள்கிறது. கூப்பிட்டால் வருகிறது, கூப்பிடாமலும் வருகிறது. ஒன்று முடிந்ததும் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் சுழலும், அது சுழன்று முடிவதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கிவிடும். சிறுவர்களுக்கான தன் செயலியில் இப்படித் தானாக ஓடுவதை இயல்புநிலையில் நிறுத்திவைக்க யூடியூப் 2021-ல் முடிவெடுத்தது. நல்லதுதான். நம் பஸ்களில் குழந்தை பார்ப்பதோ அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கில். அங்கே அம்புலி வந்துகொண்டே இருக்கிறது. 2013-ல் சென்னையில் தொடங்கிய சுச்சூ டிவி உலகம் முழுக்கக் குழந்தைகள் பார்க்கும் சேனலாகிவிட்டது. ஒட்டக்கூத்தரின் மொழி பேசும் ஊரிலிருந்து உலகத்துக் குழந்தைகளுக்குப் பராக்குக் காட்டுகிறோம் என்பதில் பெருமை கொள்வதா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இந்தப் பாட்டுகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. 2007-ல் வந்த சுட்டி டிவியில் ஓடிய டோரா, கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை பதில் சொல்வதற்காகச் சற்று நிறுத்துவாள். அந்த இடைவெளி எனக்குப் பிடிக்கும். ஆனால் குழந்தை பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் டோரா சபாஷ் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வெளியே எங்கும் போக வேண்டாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாக வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறந்திருக்கும். விசேஷ நாட்கள் தவிர, பிற நாட்களில் நடை சாத்தியிருக்கும். யார் வந்தாலும் அப்படித்தான். வசதிக்காக எல்லா நாளும் திறந்துவிடலாமே என்று கேட்கிறவரை அந்தப் பக்கத்தில் வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். அங்கே மாவிளக்கு போடுகிறவர்கள் வீட்டிலிருந்து மாவு கொண்டுவந்து கொட்டுவதில்லை. அரிசியை ஊறவைத்து, கோயில் வளாகத்திலேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து விளக்காக்குகிறார்கள். ஈர அரிசி உலக்கைக்கடியில் நொறுங்கும்போது முதலில் சத்தம் கரகரப்பாக இருக்கும். மாவாக ஆக ஆக மந்தமாகும். உலக்கை மேலே போகும்போது குழந்தையின் தலையும் மேலே போகும். குழந்தைக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை, அதை மகிழ்விக்க யாரும் முயலவும் இல்லை. ஆனாலும் அங்கே அது காத்திருக்கிறது. எதற்காக என்று அதற்கே தெரியாது. விளக்கு ஏற்றப்படும்போது, அரிசி எங்கிருந்து எங்கே வந்தது என்பது முழுவதும் அதன் கண்ணில் இருக்கும். அதே நேரத்தில் போனில் மூன்று பாட்டு பார்த்திருந்தால் விளக்கு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும்.

கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. புனிதம், பாதுகாப்பு, படம் எடுக்கும் தொல்லை ஆகியவை அதற்குப் பின்னணி. வரிசையில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தை யார் நினைவிலும் இருந்திருக்காது. ஆனால் தடை ஒழுங்காக நடைமுறையில் இருக்கும் கோயில்களில் அந்தக் குழந்தைக்கு ஒரு லாபம் கிடைக்கிறது, கூட நிற்கும் பெரியவரும் போனில்லாமல் நிற்கிறார் என்பதால். சொல்லப்போனால் இந்த விஷயத்தில் குழந்தைகளைக் குறை சொல்ல நமக்கு வாயே இல்லை. தர்ம தரிசன வரிசையில் குனிந்த தலைகளை எண்ணினால் குழந்தைத் தலைகள் குறைவாகவே இருக்கும்.

இன்னொரு மறுப்பும் வரும்: மூன்று வயதுக் குழந்தையின் தலையில் தத்துவத்தைக் கட்டுகிறீர்கள், அது என்ன துறவியா? இல்லை. நான் குழந்தையைத் தியானம் செய்யச் சொல்லவில்லை, வேடிக்கை பார்க்கவே சொல்கிறேன். பஸ்ஸில் அம்மா "சும்மா இருடா" என்று அதட்டுகிறாள். அந்தச் 'சும்மா'வைத்தான் திருச்சியில் நாயக்கர் ஆட்சியில் பணியாற்றிய தாயுமானவர் எட்டுவதற்கு அரிய நிலையாக வைத்து உருகினார். பெரியவர்களுக்கே அரிதானதைச் சின்னவனிடம் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் போன் தருவதும் சும்மா இருத்தலில்லை. உடம்பு அடங்கியிருக்கிறது, மனம் யாரோ இழுத்த பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தைக்கு இயல்பான சும்மா வேறு மாதிரி இருக்கும். கம்பியை நக்கும், முன்சீட்டுக்காரரின் பின்னலை இழுக்கும், கண்டக்டரின் விசிலைக் கேட்டு வாயைப் பிளக்கும், கண்ணாடியில் விழும் மழைத்துளிகளில் எது முதலில் கீழே போகும் என்று பார்க்கும். அதற்கு யாரும் நிகழ்ச்சி நிரல் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு கூர்மையான வாசகர் இங்கே என்னை மடக்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மிகப் புகழ்பெற்ற சிற்பம் சண்டேசர் சிற்பம். உமையோடு அமர்ந்த சிவன் ஒரு பக்தரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். பெரியபுராணத்தின்படி அவர் அப்போது சிறுவன். மண்ணியாற்றங்கரையில் மாடு மேய்த்தபடி, மணலில் லிங்கம் பிடித்து, விளையாட்டாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். தந்தை வந்து முதுகில் அடித்தது அவருக்கு உறைக்கவே இல்லை. அடி விழுவதுகூடத் தெரியாத அந்த மூழ்குதலுக்கும், பெயர் சொல்லி நான்கு முறை கூப்பிட்டும் காது கேளாமல் போனில் மூழ்கியிருப்பதற்கும் என்ன வேறுபாடு? வெளியிலிருந்து பார்த்தால் இல்லை. பிடுங்கினால் கோபம் வருவதையும் அடையாளமாக எடுக்க முடியாது. பால்குடத்தை உதைத்த தந்தையின் காலையே வெட்டியவர் சண்டேசர். எனக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றே ஒன்று. மணல் தானாக லிங்கம் ஆகாது. சிறுவன் கையை எடுத்தால் ஆட்டம் நின்றுவிடும், மனம் விலகினால் அது வெறும் மணல். திரை அப்படி இல்லை. குழந்தை தூங்கிப் போனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். முதலாவதில் கவனத்தைக் குழந்தை கொடுக்கிறது, இரண்டாவதில் குழந்தையிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. கொடுக்கத் தெரிந்தவன்தான் பின்னால் ஒரு மனிதருக்கோ வேலைக்கோ தெய்வத்துக்கோ கொடுக்க முடியும்.

மேல்நாட்டு ஆய்வுகளிலும் இந்த வேறுபாடு தலைகாட்டுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் 1960-களின் கடைசியிலும் 70-களிலும் நடத்திய மிட்டாய்ச் சோதனைகள் பலருக்குத் தெரிந்தவை: இப்போதே சாப்பிட்டால் சின்னப் பரிசு, காத்திருந்தால் பெரியது. அதை வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தையே கணித்துவிடலாம் என்ற பேச்சு பின்னாளில் அடங்கிவிட்டது. 2018-ல் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்து, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் மேலும் தேய்ந்தது. என் கவனத்தை இழுப்பது வேறு ஒரு விவரம். நன்றாகக் காத்திருந்த குழந்தைகள் பலர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், தமக்குத்தாமே பாடினார்கள், பேசினார்கள், கையையும் காலையும் வைத்தே விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள், சிலர் தூங்கவும் பார்த்தார்கள். பராக்கு காத்திருப்பை எளிதாக்குகிறது என்பதை இது காட்டுகிறது. விளையாட்டுப் பொருள் கொடுத்தபோதும் அவர்கள் நன்றாகவே காத்திருந்தார்கள். இது என் வாதத்துக்கு எதிராகப் போகும் சான்று, மறைக்கவில்லை. ஆனால் தன் பாட்டைத் தானே பாடிய குழந்தையிடம் அடுத்த முறையும் அந்தப் பாட்டு இருக்கும். பொம்மையை நம்பியதற்கு அடுத்த முறையும் பொம்மை வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜென்னி ராடெஸ்கி குழுவினர் மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்து 2022-ல் வெளியிட்ட ஆய்வு, அழுகையை அடக்க அடிக்கடி போன் தரப்பட்ட குழந்தைகளில், குறிப்பாக ஆண் குழந்தைகளிலும் துறுதுறுப்பு மிகுந்தவர்களிடமும், உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடுதலாக இருந்ததைச் சொல்கிறது. முரட்டுக் குழந்தைக்குத்தான் போன் அதிகம் தரப்படும் என்பதும் இதில் கலந்திருக்கிறது. ஆகவே இதைத் தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, சாட்சியாக மட்டும்.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஊசி போடும்போது, காயத்துக்குத் தையல் போடும்போது குழந்தையிடம் போனைக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அது காத்திருப்பில்லை, வலி. பஸ்ஸின் இரைச்சலும் நெரிசலும் தாங்காத, தனிக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைக்கு அந்தச் சின்னத் திரை ஒரு போர்வை. அதைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை. இன்னொன்று, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக்கு நன்றாகத் தெரிந்தது. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் அப்பாவின் முகம் பல குழந்தைகளுக்கு இந்தத் திரையில்தான் இருக்கிறது. அப்போது போன் வேறு பொருளாகிவிடுகிறது. அப்பாவுக்கு ஷிஃப்ட் முடியவில்லை என்றால் அழைப்பு வராது. வரும்வரை குழந்தை அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். அங்கே போனே அம்புலி.

கடைசி மறுப்புதான் கனமானது. இதையெல்லாம் எழுதுகிறவர் இடுப்பில் பிள்ளையோடு ஒரு மணி நேரம் ஓபி சீட்டுக்கு நின்றாரா என்று ஒரு தாய் கேட்டால் பதில் சொல்வது எளிதில்லை. முன்பு பராக்குக் காட்டும் வேலையைப் பாட்டி, சித்தி, அக்கா, பக்கத்து வீட்டுக்காரி என்று பல கைகள் பகிர்ந்துகொண்டன. இப்போது பெரும்பாலும் இரண்டே கை, அதில் ஒன்றில் பை. குழந்தை ஒரு முறை வீறிட்டால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. "புள்ளைய அடக்கத் தெரியல" என்ற முணுமுணுப்பு காதில் விழுகிறது. அந்த நிமிடத்தில் போனை எடுக்கிறவள் குழந்தைக்காக எடுப்பதில்லை, நமக்காக எடுக்கிறாள். நம் பொறுமையின்மைக்கு அவள் கட்டும் வரி அது. இதை ஒப்புக்கொண்டால் என் வாதம் கவிழ்ந்துவிடாது, அது போய்ச் சேர வேண்டிய முகவரிதான் மாறுகிறது. குழந்தை காத்திருக்கப் பழக வேண்டுமென்றால் அதன் அழுகையைச் சுற்றியிருப்பவர்கள் பொறுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதை அவள் ஒருத்தியால் செய்ய முடியாது.

ஆகவே தாய்மாரிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்பது மற்றவர்களிடம். குரும்பலூர் டவுன் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவரே, குழந்தையோடு ஒருத்தி ஏறினால் எழுந்து அந்தச் சன்னலைக் கொடுங்கள். அழுதால் திரும்பிப் பார்க்காதீர்கள்.